வீட்டுத் தீர்வை: அண்ணன் வீட்டுக்கு ஒரு கணக்கு, தம்பி வீட்டுக்கு ஒரு கணக்கா?

வீட்டுத் தீர்வை பற்றிக் கேளுங்கள் என்று போன இதழில் ஓர் ஓரத்தில் அறிவிப்புப் போட்டோம். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே புலம்பல்தான்: "பக்கத்து வீட்டுக்கு மட்டும் எப்படிக் குறைவு?" நகராட்சி வருவாய்ப் பிரிவிலேயே இருந்து ஓய்வு பெற்றவள் என்பதால் பதில் சொல்லும் வேலையை ஆசிரியர் என் தலையில் கட்டிவிட்டார்.

திருநெல்வேலி பெருமாள்புரத்தில் அப்பா வாங்கிப்போட்ட மனையை நானும் தம்பியும் சரிபாதியாகப் பிரித்து, ஒரே கொத்தனாரை வைத்து ஒரே அச்சில் வீடு கட்டினோம். என் வீடு மெயின் ரோட்டைப் பார்த்து இருக்கிறது. அவன் வீட்டுக்குப் பின்தெருவில் வாசல். பிற்பாடு நான் மாடியில் ஒரு ரூம் எடுத்து வாடகைக்கு விட்டேன். எனக்கு அரையாண்டுக்கு 2,870 ரூபாய் வருகிறது, அவனுக்கு 1,640 தான். அநியாயம் இல்லையா அக்கா?
— பெருமாள்புரம் வாசகர்

பதிலில் முக்கால்வாசியை நீங்களே எழுதிவிட்டீர்கள் அண்ணாச்சி. மெயின் ரோடு, மாடி ரூம், வாடகை. மூன்றையும் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் ஒரு விஷயம். நம் ஊரில் வீட்டுத் தீர்வை வீட்டின் விலையை வைத்துப் போடுவது இல்லை. அந்த வீட்டை வாடகைக்கு விட்டால் வருஷத்துக்கு என்ன கிடைக்கும் என்று ஒரு மதிப்புப் போட்டு, அதில் ஒரு பங்கை வரியாகக் கேட்கிறார்கள். ஆண்டு வாடகை மதிப்பு என்பது அதுதான். 1920-ஆம் வருஷத்து மாவட்ட நகராட்சிகள் சட்டத்தில் இருந்தே இந்த வழக்கம் உண்டு. நீங்கள் உண்மையில் வாங்கும் வாடகையை யாரும் வந்து கேட்க மாட்டார்கள். தெருக்களை மண்டலங்களாகப் பிரித்து, ஒவ்வொரு மண்டலத்துக்கும் சதுர அடிக்கு இவ்வளவு என்று ஓர் அடிப்படை வீதம் வைத்திருப்பார்கள். ஓட்டு வீடா, கான்கிரீட்டா, குடியிருப்பா, கடையா என்பதைப் பொறுத்து அந்த வீதம் மாறும். கட்டடம் பழையது என்றால் கழிவும் உண்டு.

கணக்கு புரிவதற்காக நானே சில எண்களைப் போடுகிறேன், மாநகராட்சி வீதம் என்று நினைத்துவிடாதீர்கள். 1,000 சதுர அடி வீடு, சதுர அடிக்கு மாதம் 1 ரூபாய் 50 காசு. மாதம் 1,500, வருஷத்துக்கு 18,000. மராமத்துக்காகக் கட்டடத்தின் பங்கில் 10 சதவீதம் கழிக்கச் சொன்னது அந்தப் பழைய சட்டம். சுலபத்துக்காக முழுத் தொகையிலும் கழித்தால் 16,200. இதுதான் ஆண்டு மதிப்பு. அரையாண்டு வரி இதில் 10 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் 1,620 ரூபாய். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரைக்கும் ஒரு தடவை, அக்டோபர் முதல் மார்ச் வரைக்கும் ஒரு தடவை.

இப்போது உங்கள் வீட்டுக்கு வருவோம். மெயின் ரோட்டு மண்டலத்தின் வீதமும் பின்தெருவின் வீதமும் ஒன்றாக இருக்க வேண்டியது இல்லை. ஒரே மனையாக இருந்தது என்பது உங்கள் அப்பாவுக்கும் உங்களுக்கும் தெரியும். பதிவேடு பார்ப்பது வாசல் எந்தத் தெருவில் இருக்கிறது என்பதை மட்டும்தான்.

அடுத்தது மாடி ரூம். இதில்தான் 2022 ஏப்ரல் கணக்கு குறுக்கே வருகிறது. அதற்கு முன்னால் 2018-இல் ஒரு தடவை தீர்வையை ஏற்றினார்கள். எதிர்ப்பு வலுத்ததும் 2019 நவம்பரில் அதை நிறுத்திவைத்து, கூடுதலாகக் கட்டியவர்களுக்கு அடுத்தடுத்த அரையாண்டில் ஈடு செய்தார்கள். (கவுன்ட்டரில் உட்கார்ந்து அந்த ஈட்டுக் கணக்கை ஒவ்வொருவருக்கும் விளக்கின எங்கள் தொண்டையைப் பற்றி எந்த அரசாணையும் பேசவில்லை.) அப்புறம் 2022-இல் திரும்ப ஏற்றியபோது எல்லாருக்கும் ஒரே சதவீதமாக ஏற்றவில்லை. வீட்டின் அளவுக்குத் தகுந்த மாதிரி படி வைத்தார்கள். நம் பக்கத்து மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சிகளில் 600 சதுர அடி வரை 25 சதவீதம், 601 முதல் 1,200 வரை 50, 1,201 முதல் 1,800 வரை 75, அதற்கு மேல் 100. வணிகக் கட்டடத்துக்கு 100. சென்னையின் பழைய பகுதிக்கு இதைவிடக் கூடுதல்.

தம்பி வீடு 1,150 சதுர அடி, பழைய தீர்வை 1,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். 50 சதவீதம் ஏறி 1,500 ஆகும். உங்கள் மாடி ரூம் 200 சதுர அடி என்றால் மொத்தம் 1,350. அதே வீதத்தில் உங்கள் பழைய தீர்வை 1,174 ரூபாய் சொச்சம். ஆனால் நீங்கள் 1,200-ஐத் தாண்டிவிட்டதால் ஏறுவது 75 சதவீதம், ஆக 2,054 ரூபாய். இடம் கூடியது 17 சதவீதம், தீர்வை கூடியது 37 சதவீதம். மெயின் ரோட்டு வீதத்தை இதன்மேல் வைத்துப் பாருங்கள், உங்கள் 2,870 எங்கிருந்து வருகிறது என்று தெரியும்.

அநியாயமா என்று கேட்டீர்கள். சின்ன வீட்டுக்காரருக்குச் சுமை குறைய வேண்டும் என்ற எண்ணத்தில் எனக்கு மறுப்பே கிடையாது. ஆனால் 1,195 சதுர அடிக்காரரும் 1,205 சதுர அடிக்காரரும் பத்து சதுர அடிக்காக இவ்வளவு தள்ளி நிற்பது சரியான ஏற்பாடு என்று எனக்குத் தோன்றவில்லை. 1,200 வரைக்கும் ஒரு சதவீதம், அதற்கு மேற்பட்ட இடத்துக்கு மட்டும் அடுத்த சதவீதம் என்று வைத்திருக்கலாம். வருமான வரியில் அப்படித்தானே செய்கிறார்கள்?

மூன்றாவது, வாடகை. சொந்தக்காரரே குடியிருந்தால் கழிவு தரும் வழக்கம் உண்டு. சென்னையில் அது 25 சதவீதம். நீங்கள் வாடகைக்கு விட்டது மாடி ரூம் மட்டும்தான். பதிவேட்டில் முழு வீடும் வாடகை என்று ஏறியிருந்தால் அதைத் திருத்தச் சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கிறது.

ஆகவே செய்ய வேண்டியது இதுதான். தம்பியின் ரசீதை வைத்துச் சண்டைக்குப் போகாதீர்கள். கடைசியில் அவர் வீட்டை மறுபடி அளந்து ஏற்றிவிட்டு வருவார்கள், தீபாவளிக்கு இரண்டு வீட்டுக்கும் பேச்சு இருக்காது. உங்கள் வரிவிதிப்பு எண்ணைச் சொல்லி, பதிவேட்டில் உங்கள் வீட்டுக்கு என்ன அளவு, எந்த மண்டலம், என்ன உபயோகம், எந்த வருஷத்துக் கட்டடம் என்று எழுதியிருக்கிறது என்று கேளுங்கள். அப்புறம் நீங்களே டேப்பைப் பிடித்து அளந்து பாருங்கள். சுவரின் கனத்தையும் சேர்த்து வெளிப்பக்கமாக அளக்க வேண்டும். சுவரை விட்டுவிட்டு உள்பக்கத் தரையை மட்டும் அளந்துவிட்டு "எனக்கு நூறு சதுர அடி கூடப் போட்டுவிட்டார்கள்" என்று வந்து நின்றவர்கள் ஏராளம்.

நாங்கள் பாளையங்கோட்டையில் இருக்கிறோம். முன்னீர்பள்ளம் பக்கம் கிராமத்தில் சித்தப்பா எங்களைவிடப் பெரிய வீடு கட்டியிருக்கிறார். அவர் கட்டுகிற தீர்வையைச் சொன்னால் சிரிப்பு வருகிறது. மேல்தளம் முழுக்க டைல்ஸ், முன்னால் தார்சாவே எங்கள் ஹால் அளவு இருக்கும்!
— பாளையங்கோட்டை வாசகி

சித்தப்பா கட்டுவதும் நீங்கள் கட்டுவதும் வேறு வேறு வரிம்மா. மாநகராட்சிக்குள் இருப்பவர்கள் கட்டுவது சொத்து வரி. இப்போது அதற்கு 1998-ஆம் வருஷத்து நகர்ப்புற உள்ளாட்சிச் சட்டம். அந்தச் சட்டம் நடைமுறைக்கு வந்தது என்னவோ 2023 ஏப்ரலில்தான். கிராம ஊராட்சியில் கட்டுவது வீட்டு வரி. அது 1994-ஆம் வருஷத்து ஊராட்சிகள் சட்டப்படி. 2022-இல் நான் மேலே சொன்ன படி உயர்வு நகரங்களுக்கு மட்டும். சித்தப்பா அந்தப் படியில் கால் வைக்கவே இல்லை.

டைல்ஸைச் சொன்னீர்கள். மார்பிள் போட்டாலும் சரி, சிமென்ட் தரையானாலும் சரி, கணக்கில் பெரும்பாலும் வருவது கூரையின் வகையும் சதுர அடியும்தான். அலங்காரத்துக்கு வரி கிடையாது. ஆனால் பாதாளச் சாக்கடை, தெரு விளக்கு, குப்பை வண்டி என்று சித்தப்பாவுக்குக் கிடைக்காத சில உங்களுக்குக் கிடைக்கின்றன. 'எங்கே கிடைக்கிறது' என்று உடனே கேட்பீர்கள், தெரியும். அதை உங்கள் வார்டு கவுன்சிலரிடம் கேளுங்கள்.

மகள் கலிபோர்னியாவில் வீடு வாங்கியிருக்கிறாள். பக்கத்து வீடும் அதே அளவுதானாம். அங்கே இருக்கிற வயதான அம்மா கட்டுகிற வரியைப் போல நாலு மடங்கு இவள் கட்டுகிறாளாம். அமெரிக்காவிலுமா நம் ஊர் மாதிரி?
— மகாராஜநகர் வாசகர்

நம் ஊர் மாதிரி இல்லை சார், நேர் எதிர். அங்கே வரி வீட்டின் விலை மேல். கலிபோர்னியாவில் 1978-இல் மக்கள் வாக்கெடுப்பில் பதின்மூன்றாம் முன்மொழிவு என்று ஒன்று நிறைவேறியது. அதன்படி அடிப்படை வரி, மதிப்பில் 1 சதவீதம். அந்த மதிப்பு வருஷத்துக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறக் கூடாது. வீடு கை மாறும்போதுதான் சந்தை விலைக்குத் திரும்ப மதிப்பிடுவார்கள். பக்கத்து வீட்டு அம்மா எப்போதோ சல்லிசாக வாங்கிய விலையில் இருந்து இரண்டிரண்டு சதவீதமாக ஏறி வந்திருக்கிறார். உங்கள் மகள் இன்றைய விலையில் வாங்கிய அன்றே அவள் கணக்கு இன்றைய விலையில் தொடங்கிவிட்டது. அளவு, தெரு, கூரை எல்லாம் ஒன்றாக இருந்தும் வாங்கிய வருஷத்தால் மட்டும் இந்த வித்தியாசம்.

நம் ஊரில் அப்படி இல்லை. நீங்கள் வீட்டை இன்றைக்குக் கோடி ரூபாய்க்கு வாங்கினாலும், கட்டடத்தை மாற்றாதவரை, விற்றவர் கட்டிய தீர்வையைத்தான் நீங்களும் கட்டுவீர்கள்.

டெக்சாஸில் பிள்ளைகள் இருப்பவர்களும் இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். அங்கே மாநில வருமான வரியே கிடையாது. அதனால் வீட்டு வரி கடுமையாக இருக்கும். அதில் பெரும்பங்கு பள்ளி மாவட்டத்துக்குப் போகிறது. ஒரே மாதிரி வீடு இரண்டு, வேறு வேறு பள்ளி மாவட்டத்தில் இருந்தால் வரியும் வேறு. சொந்தமாகக் குடியிருக்கும் வீடு என்று பதிந்துகொண்டால் கழிவு உண்டு, வரிக்கான மதிப்பு வருஷத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏறாது. பதிந்துகொள்ளாமல் விடுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள், ஒரு போன் போட்டுக் கேளுங்கள். மதிப்பை எதிர்த்து மனுக் கொடுக்கவும் அங்கே வழி உண்டு. பொதுவாக மே 15-க்குள் கொடுக்க வேண்டும்.

மேலப்பாளையத்தில் எங்கள் வீடு. முன் அறையில் என் மனைவி இரண்டு தையல் மெஷின் போட்டுத் தைத்துக் கொடுக்கிறாள். இப்போது வீடு முழுக்க வணிகம் என்று மாற்றி நோட்டீஸ் வந்திருக்கிறது.
— மேலப்பாளையம் வாசகர்

இதை விடாதீர்கள். வணிக உபயோகத்துக்கு வீதமே தனி, 2022-இல் அதற்கு ஏறியதும் 100 சதவீதம். ஆனால் தையல் நடப்பது முன் அறையில். பின்னால் அடுக்களையும் படுக்கிற அறையும் வீடுதான். உபயோகத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்து வரி விதிக்கச் சொல்லி மனு எழுதுங்கள். முன் அறையின் நீள அகலம், மீதி வீட்டின் நீள அகலம், ஒரு கைப்படம், இரண்டு போட்டோ. நோட்டீஸில் ஆட்சேபத்துக்கு எத்தனை நாள் கொடுத்திருக்கிறார்களோ அதற்குள் நேரில் கொடுத்து, மனுவின் நகலில் சீல் போட்டு வாங்குங்கள். வாய்மொழியாக "பார்த்துக்கலாம்" என்று யார் சொன்னாலும் தலையாட்டிவிட்டு வந்துவிடாதீர்கள். நாள் தாண்டிவிட்டால் அந்தப் "பார்த்துக்கலாம்" எந்தப் பதிவேட்டிலும் இருக்காது.

ஊர்க்காரர்களுக்குத் தைத்துக் கொடுக்கிற இரண்டு மெஷினை வணிகம் என்று எழுதத்தான் வேண்டுமா என்று கேட்டால், என் மனசு வேண்டாம் என்றுதான் சொல்லும். வெளியே போர்டு மாட்டியிருந்தால் மட்டும் வாதாடுவது கஷ்டம்.

கல்லிடைக்குறிச்சியில் தாத்தா வீடு. பின்கட்டு மழையில் விழுந்து வருஷக்கணக்காகிறது. மாட்டுத் தொழுவமும் போயிற்று. தீர்வை மட்டும் முழு வீட்டுக்கும் வருகிறது.
— சென்னையில் இருக்கும் வாசகர்

விழுந்ததை எழுத்தில் சொன்னீர்களா? சொல்லியிருக்க மாட்டீர்கள். கட்டடம் இடிந்தால், இடிந்தது என்று சொந்தக்காரர் அறிவிக்கும்வரை வரிப் பொறுப்பு அவருடையதுதான். சட்டமே அப்படித்தான். பின்கட்டு விழுந்ததைத் தெருவே பார்த்திருக்கும், அலுவலகம் பார்த்ததாகக் கணக்கு இல்லை. இன்றே செயல் அலுவலருக்கு ஒரு கடிதம் போடுங்கள், போட்டோவோடு. போன வருஷங்களுக்குத் திருப்பித் தருவார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள். இனிமேலாவது குறையும். மிச்சம் நிற்கிற முன்கட்டுக்குப் பழைய கட்டடம் என்ற கழிவு போட்டிருக்கிறார்களா என்றும் அதே கடிதத்தில் கேட்டுவிடுங்கள். இரண்டு தடவை தபால் செலவு எதற்கு.

கே.டி.சி. நகரில் ஒரு மனை வாங்கினேன். வீடு கட்ட அனுமதி கேட்டால் காலிமனை வரி பாக்கி கட்டச் சொல்கிறார்கள். வெறும் முள்ளுக்காட்டுக்கு வரியா?
— வாசகர், மாநகராட்சி எல்லைக்குள்

ஆமாம், நகர எல்லைக்குள் வெறும் மனைக்கும் வரி உண்டு. அனுமதி கேட்கும்போதுதான் பலருக்கு அது தெரியவருகிறது. விற்றவர் கட்டினாரா என்று பத்திரம் போடும் முன்னாலேயே ரசீதைக் கேட்டிருக்க வேண்டும். வீடு கட்டி அதற்குத் தீர்வை போட்ட பிறகு, காலிமனைக் கணக்கை முடித்துக் கொடுக்கச் சொல்லி எழுதிக் கொடுங்கள். இல்லாவிட்டால் கம்ப்யூட்டரில் இரண்டும் ஓடிக்கொண்டிருக்கும்.

என் பெயரில் தீர்வை ரசீது இருக்கிறது. வீடு எனக்குத்தானே? அண்ணன்மார் தகராறு செய்கிறார்கள்.
— பெயர் வேண்டாம் என்றவர்

இல்லை. யார் பெயரில் கட்டினாலும் பணத்தை வாங்கிக்கொண்டு ரசீது கொடுப்பார்கள். உரிமைக்குப் பத்திரம், பட்டா, வாரிசுச் சான்றிதழ், பாகப்பிரிவினை இவைதான் பேசும். கோர்ட்டில் ரசீதை மட்டும் நீட்டினால் நிற்காது. வக்கீலைப் பாருங்கள்.

நூலக வரி என்று சேர்த்து வாங்குகிறார்களே, நான் நூலகத்துக்கே போவதில்லை.
— வண்ணார்பேட்டை வாசகர்

ரூபாய்க்கு 10 காசு. 1948-இல் வந்த பொது நூலகச் சட்டப்படி வாங்குவது. சுதந்திரத்துக்குப் பிறகு இந்தியாவில் முதலில் வந்த நூலகச் சட்டம் நம்முடையதுதான். அந்தக் காசு மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குப் போகிறது. போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் காலையில் கதவு திறக்கும் முன்னால் வந்து நிற்பதைப் பார்த்தால் நீங்கள் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்க மாட்டீர்கள். தீர்வையில் நான் முணுமுணுக்காமல் கொடுக்கிற பகுதி இதுதான்.

2024 அக்டோபரில் மறுபடியும் 6 சதவீதம் ஏறியதே, அதைக் குறைக்க வழி உண்டா?
— பேட்டை வாசகி

அந்த ஏற்றத்தைத் தனி ஆளாகக் குறைக்க முடியாது. மத்திய அரசின் 15-ஆவது நிதிக்குழு, உள்ளாட்சிக்கு மானியம் வேண்டும் என்றால் சொத்து வரி மாநிலத்தின் வளர்ச்சியோடு சேர்ந்து ஏற வேண்டும் என்று நிபந்தனை வைத்தது. 2022 உயர்வுக்கும் அரசு சொன்ன காரணம் அதுதான். வருஷக்கணக்காக ஏற்றாமல் இருந்துவிட்டு ஒரே நாளில் 75, 100 என்று ஏற்றுவதைவிடக் கொஞ்சம் கொஞ்சமாக ஏறுவது தேவலை என்பது என் கட்சி. உங்களுக்கு வேறு கட்சி இருக்கலாம்.

ஆனால் அந்த 6-இல் 5-ஐ நீங்கள் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். அரையாண்டு தொடங்கிய முதல் 30 நாளுக்குள், அதாவது ஏப்ரல் 30, அக்டோபர் 30-க்குள் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை, அதிகபட்சம் 5,000 ரூபாய் வரை. பழைய பாக்கி இருந்தால் முதலில் அதை முடியுங்கள், தாமதத்துக்கு மாதம் 1 சதவீதம் தனிவட்டி ஓடும். கடைசி நாளில் ஆன்லைனில் கட்டலாம் என்று இருக்காதீர்கள், அன்றைக்குப் பார்த்து சர்வர் சுற்றிக்கொண்டே இருக்கும். மாதத்தின் இரண்டாவது வாரத்தில் போனால் வரிவசூல் மையத்தில் வரிசையும் இருக்காது.